மாஸ்க்குக்குள் மூச்சடக்கியவர்

"மூச்ச விடுலே! ஏலே, மூச்ச விடு!"

ஆபரேஷன் தியேட்டரில் பெரிய டாக்டர் கத்தினார். மேசையில் கிடந்தவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் குளியாள் சவரிமுத்து அண்ணன். வள்ளத்தின் விளிம்பில் மோதி முழங்கால் சில்லு இரண்டாக உடைந்திருந்தது. மயக்கம் கொடுக்க ஈதர் மாஸ்க்கை முகத்தில் வைத்ததும் மூச்சை அடக்கிக்கொண்டார். டாக்டர் பதறி, மேலும் மேலும் ஈதரைச் சொட்டவிட்டார். கடைசியில் அண்ணன் ஒரே இழுப்பாக இழுத்தார். இருமலில் உதடு நீலம் பாய்ந்தது. எப்படியோ சமாளித்துச் சில்லைக் கம்பியால் கட்டினார்கள்.

மயக்கம் தெளியும்போது வாந்தி, துள்ளல். நான்கு பேர் பிடித்தும் காலை மடக்கி உதைத்தார். கம்பி விலகிவிட்டது. மறுபடி ஆபரேஷன் செய்தாக வேண்டும்.

கேஸ் ஷீட்டில் டாக்டர் 'ஒத்துழைக்காத நோயாளி' என்று எழுதினார். தியேட்டர் நர்ஸான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின வாரம் இதே உடைப்போடு வந்த புதுத் துறைமுகத்து அதிகாரிக்கு, நினைவு தப்பாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி. இரண்டு நாள் தலைவலி இருந்தது, உண்மைதான். ஆனால் அன்று மாலையே காபி கேட்டார். மறுநாளே தொடையை இறுக்கிப் பயிற்சி செய்தார். இவருக்கு மட்டும் ஏன் ஈதர் என்று டாக்டரிடம் கேட்டேன்.

"குளியாளுக்கு ஸ்பைனலா? எலும்புல துளை போடுற சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடிருவான், சிஸ்டர்" என்றார்.

அண்ணனிடம் கேட்டேன். "ஏண்ணே மூச்ச அடக்குனீய?"

"வேணும்னா செஞ்சேன், தங்கச்சி? மூஞ்சிய மூடுனா தண்ணிக்குள்ள போன மாதிரில்லா இருக்கு. மூச்சு தானா நின்னுருது. கால் மடங்கலன்னா நான் எப்படிக் கடலுக்குப் போவேன்?"

ஆறுமுகநேரி உப்பளத்துக் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாயை மூடிக்கொண்டு நிற்பதற்காகப் படிக்கவில்லை. மறுபடி டாக்டரிடம் போனேன்.

"சார், மூச்சடக்குறதுதான் அவர் தொழில். இந்தத் தடவை ஸ்பைனல் போடுங்க."

"நீ எந்தக் காலேஜ்ல எம்.டி. முடிச்ச?"

"முடிக்கல சார். கால்மாட்டுல பிடிச்சது நான். கம்பி விலகுனது என் கையில தெரிஞ்சுது."

கேஸ் ஷீட்டை எடுத்துப் புரட்டினார். "ஓடுனான்னா நீதான் பிடிக்கணும்" என்றார்.

இரண்டாம் ஆபரேஷனுக்கு ஸ்பைனல் போட்டார்கள். அண்ணன் ஓடவில்லை. "டாக்டரய்யா, வள்ளத்துக்குத் தொளை போடுத மாதிரில்லா இருக்கு. தண்ணி ஏறிராம பாத்துக்கிடுங்க" என்று சிரித்தார். மாலையில் கஞ்சி குடித்தார். இருமல் இல்லை, வாந்தி இல்லை.

ஆனால் ஒரே முட்டியை இரண்டு தரம் திறந்தால் சும்மா விடுமா? பாதிக்கு மேல் மடங்கவில்லை.

எல்லாருக்கும் ஸ்பைனல்தான் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. புதிதாக வரும் நர்ஸ்களுக்குச் சொல்வது இதுதான்: மயக்கம் கொடுக்கும் முன், நோயாளி என்ன தொழில் செய்கிறார், அது அவர் உடம்பை எப்படிப் பழக்கியிருக்கிறது என்று கேளுங்கள். அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை எங்கள் தியேட்டரில் யாரும் செலவழிக்கவில்லை, நான் உட்பட. சவரிமுத்து அண்ணன் இப்போது கரையில் ஒற்றைக் காலை நீட்டி உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்துவரும் சங்கைத் தரம் பிரிக்கிறார்.