எடை போட்டு வாங்கிய கம்ப்யூட்டர்

நான் சைக்கிள்கூட ஓட்டியதில்லை. எங்கள் கடைக்கு எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்துக்குப் போகவேண்டும் என்றால், துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் எல்லாம் கடந்து, சாலை காலியாகி, அதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பேன். அப்படிப்பட்ட எனக்கு லாரி ஓட்டவேண்டும் என்று ஓர் ஆசை வந்தது. நிஜ லாரி இல்லை. கம்ப்யூட்டரில் ஓட்டுகிற விளையாட்டு.

முத்தையாபுரத்தில் எங்களுடையது சின்ன பலசரக்குக் கடை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் லாரி டிரைவர்கள். சோப்பும் பீடியும் வாங்கிக்கொண்டே மலைப்பாதை, மழை, பிரேக் பிடிக்காத இறக்கம் என்று கதை சொல்வார்கள். கேட்டுக்கொண்டே பருப்பு நிறுத்துப் போடுவேன். மத்தியானம் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில் போனில் லாரி விளையாடப் பழகினேன். அது குழந்தை விளையாட்டு. அதே விளையாட்டைப் பெரிய கம்ப்யூட்டரில் ஒருவர் ஆடுகிற வீடியோவை ஒருநாள் பார்த்தேன். கண்ணாடியில் மழைத்துளி விழுந்து, காற்றுக்குச் சாய்ந்து ஓடியது. வைப்பர் அதைத் துடைத்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது. அந்த வாரமே போன் பேட்டரியும் பூரி மாதிரி உப்பிக்கொண்டு, வேறு மாற்றவேண்டி வந்தது.

என் பேரில் போட்ட சீட்டு அப்போதுதான் விழுந்திருந்தது. அதில் கடைக்கு ஃப்ரீசர் வாங்கலாம் என்பது என் வீட்டுக்காரரின் கணக்கு. வெயில் தொடங்கினால் ஐஸும் பால் பாக்கெட்டும் நன்றாகப் போகும். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் நான் வாயைத் திறந்து கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார்.

"ஏளா, ரோட்டத் தாண்ட அரை மணி நேரம் நிக்க. நீ லாரி ஓட்டப் போறியா?"

என் முகத்தை என்ன பார்த்தாரோ, சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்.

"ஐம்பதாயிரத்துக்குள்ள, ஓடுத மாதிரி, பங்குனி பொறக்கதுக்கு முன்ன கொண்டாந்து வை. வச்சா அது உனக்கு. ஒரு ரூவா கூடுனாலும், ஓடலைன்னாலும், அம்புட்டையும் வித்துட்டு ஃப்ரீசர். சரியா?"

சரி என்றேன். சொன்ன மறு நிமிடமே பயம் வந்துவிட்டது.

பயப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. கேஸை மூடினேனா என்று மூன்று முறை பார்ப்பேன். பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடியும் இழுப்பேன். படிப்போ எட்டாம் வகுப்போடு சரி. எனவே கம்ப்யூட்டர் பாகங்களைப் பற்றித் தமிழில் யார் வீடியோ போட்டிருந்தாலும் பார்த்தேன். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால், மூன்றாவது ஆளைத் தேடினேன். பாகங்களின் பெயர் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும்தான். பிஸ்கட் அட்டைப்பெட்டியில் வருகிற எழுத்தையும் எண்ணையும் எப்படி அடையாளம் வைத்துக்கொள்வேனோ, அப்படியே இதையும் வைத்துக்கொண்டேன்.

முதலில் புரிந்தது ஒன்று. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் தனியாக நல்லதாக இருந்து பிரயோஜனம் இல்லை. அது உட்கார்கிற போர்டும் அதற்கென்று செய்ததாக இருக்கவேண்டும். பாட்டில் ஒரு கம்பெனி, மூடி வேறு கம்பெனி என்றால் எண்ணெய் ஒழுகும் இல்லையா, அந்த மாதிரி. அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் பாட்டிலும் மூடியுமாகவே எனக்குத் தெரிந்தது.

என் தம்பி துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறான். கம்ப்யூட்டர் விஷயத்தில் தன்னைக் கேட்காமல் எதுவும் நடக்கக் கூடாது என்று அவனாகவே முடிவு செய்துகொண்டான். அவனுக்குக் கண்ணாடிக் கதவு போட்டு, உள்ளே கலர் கலராக லைட் எரிகிற பெட்டிதான் வேண்டும். லைட் இல்லாத கேமிங் கம்ப்யூட்டரை நாலு பேர் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றான். எங்கள் வீட்டுக்கு அந்த நாலு பேரும் இதுவரை வந்ததில்லை. ஆனாலும் அந்தப் பெட்டி எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. சரி என்று அதைக் கணக்கில் சேர்த்தேன்.

பெரிய செலவு கிராஃபிக்ஸ் கார்டு. மழைத்துளியை மழைத்துளி மாதிரிக் காட்டுவது அதுதான். புதிதாக வாங்கினால் பாதிப் பணத்துக்கு மேல் அதுவே விழுங்கிவிடும். பழைய கார்டுதான் வழி. டவுனில் ஒரு பையன் மலிவாகத் தருவதாகச் சொன்னான். தம்பியோடு போய்ப் பார்த்தேன். விசிறி சுற்றியது, படமும் வந்தது. தம்பி பணத்தை எடுக்கச் சொன்னான். நான் கார்டைத் திருப்பி அதன் ஸ்க்ரூக்களைப் பார்த்தேன். தலையெல்லாம் செம்பழுப்பாகப் பூத்திருந்தது. எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. கடல் காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது, ஃபேன் இறக்கையைத் தின்கிறது. எங்கள் டிவியைத் திறந்து பார்த்த மெக்கானிக், உள்ளே பாசி பிடித்திருக்கிறது என்றே சொன்னார். வெளியே ஸ்க்ரூ இப்படி என்றால் உள்ளே செம்பு எப்படி இருக்கும்?

வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். பஸ்ஸில் தம்பி வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

கோவில்பட்டியில் ஒருவர் அதே கார்டை விற்கிறார் என்று போனில் பார்த்தேன். கொஞ்சம் விலை கூட. ஆனால் கோவில்பட்டிக் காற்றில் உப்பு கிடையாது. வெறும் புழுதிதான், தட்டினால் போய்விடும். வெயிலோடு வெயிலாகப் போய் வாங்கி வந்தேன். ஸ்க்ரூத் தலையெல்லாம் புது ஊசி மாதிரி மின்னியது. மாப்பிள்ளைக்கு ஊர் பார்ப்பார்கள், நீ கார்டுக்கு ஊர் பார்க்கிறாயே என்று தம்பி கேலி செய்தான். கேலி செய்தாலும் சும்மா இருக்கவில்லை. அவன் ஆபீஸில் மாற்றிய பழைய மானிட்டரைச் சொல்லிவைத்து, நல்லதாகப் பார்த்துக் குறைந்த விலைக்கு எடுத்துக் கொடுத்தான்.

இவ்வளவு பயந்து பயந்து வாங்கிய நான், பவர் சப்ளை வாங்கும்போது கோட்டைவிட்டேன்.

பவர் சப்ளை என்பது கரண்டை வாங்கி எல்லாப் பாகத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற இரும்புப் பெட்டி. அது கெட்டால் மற்ற எல்லாவற்றையும் சேர்த்து எரித்துவிடும். நல்லதாக இருந்தால் கனமாக இருக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். கேட்டதும் எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆயுள் முழுக்கத் தராசோடு நிற்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? டவுன் கம்ப்யூட்டர் கடை அண்ணாச்சி இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கேள்விப்பட்ட கம்பெனி, விலை கூட. இன்னொன்று கேள்விப்படாத பெயர், விலை குறைவு. இரண்டையும் இரண்டு கையில் தூக்கிப் பார்த்தேன். கேள்விப்படாததுதான் கனம். பெயருக்கு எதற்குக் காசு என்று அதை வாங்கிக்கொண்டு, ஜெயித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். வந்ததும் கடைத் தராசில் வைத்தேன். ஒன்றே முக்கால் கிலோவைத் தொட்டது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் மத்தியானம் மொத்தக் கடையிலிருந்து வந்த புளியைச் சிப்பம் பிரித்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். புளியில் கல்லையும் ஈரத்தையும் ஏற்றி எடை கூட்டுவது வியாபாரத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். சரக்கு எடை குறைந்தால் கேள், கூடினால் இரண்டு தடவை கேள் என்பதுதான் எங்கள் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். கையில் ஒரு கல்லை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எழுந்துபோய்ப் போன் டார்ச்சை அடித்து, விசிறிக் கம்பி வழியாக அந்தப் பெட்டிக்குள் பார்த்தேன். ஒரு பக்கம் சின்னச் சின்ன சாமான்கள், ஏகப்பட்ட காலி இடம். இன்னொரு பக்கம் சுவரோடு ஒட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி. சிமென்ட்.

என் பயம் எப்போதும் நடக்காத விஷயத்துக்குத்தான் இருக்கும். இந்த முறை நடந்தே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்போது எனக்குப் படபடப்பே வரவில்லை. அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

கடை அண்ணாச்சி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "தங்கச்சி, இது சீல் போட்ட மால். நீங்க உள்ள பாத்து என்னத்தக் கண்டிய?"

"நானும் கடைதான் வச்சிருக்கேன் அண்ணாச்சி" என்றேன். "புளியில கல்லு கெடந்தா நான் வாங்கின எடத்துல கேப்பேன். எங்கிட்ட வாங்குனவுக எங்கிட்ட கேப்பாவ. நீங்க டார்ச்சு அடிச்சு ஒரு தடவ பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், அலமாரியில் இருந்த அதே மாதிரிப் பெட்டிகள் எல்லாவற்றையும் எடுத்து வந்து, ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார்த்தார். சிமென்ட் இருந்ததை எல்லாம் தரையில் தனியாக அடுக்கினார். மதுரையில் அந்தச் சரக்கைக் கொடுத்தவனை மெல்லிய குரலில் திட்டினார். நல்ல கம்பெனிப் பெட்டியை எடுத்துக் கொடுத்து, தன் லாபத்தை விட்டு, வாங்கின விலையை மட்டும் போட்டார்.

அப்படியும் கணக்கு ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. வேறு எதைக் குறைப்பது? பிராசஸரைக் குறைத்தால் போர்டு மாறும், போர்டு மாறினால் எல்லாமே மாறும். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்தேன். கடைசியில் கண்ணாடிப் பெட்டியை விட்டேன். ஆபீஸ்களுக்கு விற்று மிஞ்சின பழைய மாடல் இரும்புப் பெட்டி ஒன்று மேலே கிடந்தது. முன்பக்கம் மூடி, கறுப்புப் பெயின்ட், அழகு என்று ஒன்றும் கிடையாது. போர்டும் கார்டும் உள்ளே நுழையுமா என்று அண்ணாச்சியிடம் டேப் வாங்கி அளந்தேன். இரண்டு விரல் இடம் மிச்சம். அண்ணாச்சி அதைச் சும்மா கொடுத்த மாதிரித்தான் கொடுத்தார்.

தம்பி அதைப் பார்த்துவிட்டு, மண்ணெண்ணெய் டின் மாதிரி இருக்கிறது என்றான். ஆனால் யோசித்துப் பார்த்தால் எங்கள் ஊருக்கு அதுதான் சரி. கண்ணாடிப் பெட்டி நாலு பக்கமும் காற்றை இழுக்கும். எங்கள் வீட்டுக் காற்றில் ஒரு பக்கம் உப்பு, ஒரு பக்கம் துறைமுகத்து நிலக்கரித் தூசி. இந்தப் பெட்டியில் காற்று போக ஒரு வழி, வர ஒரு வழி. மாவு சலிக்கிற மெல்லிய துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து, உள்ளே வருகிற வழியில் கட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு, அரிசி மூட்டை வைக்கிற பலகையில் எல்லாவற்றையும் பரப்பினேன். தம்பி செய்கிறேன் என்றான். தொடாதே என்றேன். உடம்பில் இருக்கிற கரண்ட் பாகத்தைக் கெடுக்குமாம், அதனால் நிமிடத்துக்கு ஒரு தடவை ஷட்டர் இரும்பைத் தொட்டுவிட்டு வந்தேன். பிராசஸரை அதன் குழியில் வைத்துக் கம்பியை அமுக்கும்போது கறகறவென்று ஒரு சத்தம் வந்தது. எனக்குப் பல் கூசியது. அது அப்படித்தான் சத்தம் போடும் என்று நாலு வீடியோவில் பார்த்திருந்தும் கண்ணை மூடிக்கொண்டேன்.

எல்லாம் பூட்டி முடித்து சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. மானிட்டர் கறுப்பாகவே நின்றது.

அணைத்துப் போட்டேன். மறுபடியும் கறுப்பு.

போர்டு போய்விட்டது என்றான் தம்பி. வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். செவ்வாய்க்கிழமை பங்குனி பிறக்கிறது. ஃப்ரீசர் கம்பெனி விளம்பரம் ஒன்று அவர் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்த்தது. அதைக்கூட அவர் உள்ளே தள்ளி மறைத்துக்கொண்டார். அவர் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்லா இணைப்பையும் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். ரேம் என்கிற நினைவகக் குச்சிகள் இரண்டில் ஒன்றின் மேல் கை நின்றது. ஒரு பக்கம் மட்டும் மயிரிழை தூக்கி நின்றது. உடைந்துவிடுமோ என்று பூவைத் தொடுகிற மாதிரி வைத்திருக்கிறேன். இரண்டு கட்டைவிரலையும் வைத்து, வெல்லப்பாகு டப்பா மூடியை அடைக்கிற மாதிரி, மூச்சைப் பிடித்து அமுக்கினேன். டக். அடுத்ததையும் அமுக்கினேன். டக்.

சுவிட்சைப் போட்டேன். திரையில் வெள்ளை எழுத்து வந்தது.

தம்பி கையைத் தட்டினான். நான் அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தேன், உண்மையாகவே தொட்டுப் பார்த்தேன். கணக்கு ஐம்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழேயே நின்றது. தள்ளுபடியில் விளையாட்டை வாங்கியதும் அதற்குள் அடங்கிவிட்டது. விண்டோஸ் ஏற்றி, விளையாட்டு இறங்கி முடிய மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது.

வீட்டுக்காரர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பின்னால் உட்கார்ந்தார். நான் லாரியைக் கிளப்பினேன். மலை ஏறினேன். பாதி மலையில் மழை பிடித்தது. துளிகள் கண்ணாடியில் விழுந்து, காற்றுக்குச் சாய்ந்து ஓடின. வைப்பர் துடைத்தது. எதிரே பெரிய பெரிய லாரிகள் வந்தன. நான் ஒதுங்கவில்லை. என் பாதையில் நான் போனேன். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி ஷாம்பு கேட்டார்கள். கடை லீவு என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். திங்கட்கிழமை, வியாபார நேரம்.

மலை இறங்கி, சரக்கு இறக்க வேண்டிய இடம் வந்தது. கிட்டங்கிக்குள் லாரியைப் பின்னால் எடுத்து விடவேண்டும். இரண்டு சுவருக்கு நடுவே ஒடுக்கமான இடம். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"வரட்டும்... வரட்டும்... கொஞ்சம் லெஃப்ட்ல ஒடி. ஆங், நேராக்கு. வரட்டும்..."

லாரிக்குப் பின்னால் நின்று கிளீனர்கள் சொல்வதைப் போலவே சொல்லிக்கொண்டு, பலகையைத் தட்டித் தட்டி என்னை உள்ளே விட்டார். திரும்பிப் பார்க்காமல், சுவரில் உரசாமல், ஒரே எடுப்பில் விட்டேன்.

"போதும்" என்று பலகையில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, அடுத்த லோடு எந்த ஊருக்கு என்று கேட்டார்.