அழித்த செய்தி

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பல ஊர்களில் பல வேலைகள் பார்த்துவிட்டு, கடைசியாகச் செங்கம் சாலை லாட்ஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். தங்க வருகிறவரின் பெயர், படம், அறை எண், காலி செய்த நேரம், இவ்வளவுதான் அதில் ஏறும். நானும் முதலாளியும் மட்டுமே அதைத் தொடுவோம். தப்பாக அடித்தால் அழிப்பேன். அழித்தது போய்விடும். கம்ப்யூட்டர் என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு பௌர்ணமியன்று காலையில், தமிழ் தெரியாத வட இந்தியப் பெரியவர் ஒருவர் மாத்திரைப் பையை அறையிலேயே விட்டுவிட்டுக் கிரிவலம் கிளம்பிவிட்டார். அவருடைய படத்தைப் பாதையோரக் கடைக்காரர்களின் போன் குரூப்பில் போட்டேன். "இவரைப் பார்த்தால் உட்கார வைத்து எனக்குச் சொல்லவும்." காரணம் எழுதவில்லை. லாட்ஜ் கம்ப்யூட்டரில் காரணம் எழுதிப் பழக்கமில்லை.

அரை மணி நேரத்தில் அதே படம் கீழ்பென்னாத்தூர் வேன் டிரைவர் ஒருவரிடமிருந்து எனக்கே வந்தது. கீழே யாரோ சேர்த்திருந்தார்கள்: "புள்ள புடிக்கிறவன். உஷார்."

பதறிப்போய் என் செய்தியை அழித்தேன். அது நீக்கப்பட்டது என்ற வரி மட்டும் குரூப்பில் நின்றது. உடனே குரூப்பில் ஒரு டீக்கடைக்காரரின் குரல் பதிவு வந்தது. "பாத்தீங்களா, போலீஸ் சொல்லித்தான் எடுத்துட்டாரு. அப்ப மேட்டர் நெசந்தான்."

லாட்ஜ் கம்ப்யூட்டருக்கு நான் சொன்னது மட்டும்தான் தெரியும். இந்தக் குரூப்புக்கு நான் சொல்லாததும் தெரிந்திருந்தது.

மாத்திரைப் பையோடு வண்டியை எடுத்துக் கிரிவலப் பாதையில் தேடிப் போனேன். அடி அண்ணாமலையில் கூட்டம். நடுவில் பெரியவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை கிழிந்திருந்தது. கையில் குரங்குகளுக்கு வாங்கிய பிஸ்கெட்.

"புள்ளைங்களுக்குக் குடுக்கத்தான் வச்சிருக்கான்," என்றாள் ஒருத்தி.

"விடுங்க, எங்க லாட்ஜ்ல தங்கியிருக்காரு. மாத்திரைய மறந்துட்டாரு, அதான் தேடுனேன்." பையைத் திறந்து காட்டினேன்.

"அப்ப எதுக்குண்ணா டெலீட் பண்ணீங்க?" என்றான் குரூப்பில் இருந்த கடைக்காரன் ஒருவன்.

"தப்பாப் போயிடுச்சு, அதான்." சொல்லும்போதே எனக்கே பொய் போலத்தான் இருந்தது.

"நீ எந்த ஊரு?" என்று கேட்டார் இன்னொருவர்.

சொல்வதற்கு எனக்கு ஒரு ஊர் இல்லை. நான் யோசிப்பதை எல்லோரும் பார்த்தார்கள். பெரியவரை எழுப்பி வண்டியில் ஏற்றினேன். யாரும் தடுக்கவில்லை. போன்கள் மட்டும் உயர்ந்தன.

"இவனையும் ஒரு போட்டோ எடுத்து வைடா."

கொஞ்ச தூரம் போவதற்குள் சட்டைப்பையில் போன் அதிரத் தொடங்கியது. லாட்ஜ் வரும்வரை அது நிற்கவில்லை. நான் எடுத்துப் பார்க்கவும் இல்லை.