இருபத்தேழு சுற்று

என் மனைவியை ஒன்பது மாதம் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். பின்னால் சொல்லலாம் என்று விட்டால், அதற்குள் எனக்குச் சாதகமாக நாலு காரணங்களை அடுக்கிவிடுவேன்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் வீடு. கீழ்த்தளம் அட்டைப்பெட்டிக் கிடங்கு, வாடகைக்கு விட்டிருக்கிறோம். மாடியில் நாங்கள் இருவர் மட்டும். மகன் பெங்களூரில் இருக்கிறான். மாடிப்படி தொடங்கும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு. படுக்கையறை ஜன்னல் சரியாக அதற்கு மேலே.

அவளுக்குச் சர்க்கரை நோய் வந்து பல வருடமாகிறது. மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார். அவள் நடக்கவில்லை. "போறதுக்கு ஒரு எடம் வேணாமா? ரோட்ல போயி ரோட்லயே திரும்பி வர்றதுக்கு நான் இன்னா லாரியா?" என்பாள். வாலாஜாபாத் பக்கத்துக்காரி. என்னோடு நாற்பத்தைந்து வருடம் குடித்தனம் செய்தும் அந்தப் பேச்சு மாறவில்லை.

பிறகு எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்தது. நான் மருத்துவமனையில் இருந்த நாளில், சாலைக்கு அந்தப் பக்கம் உள்ள அம்மன் கோயிலை ஒரு மண்டலம், நாளுக்கு இருபத்தேழு சுற்று சுற்றுவதாக வேண்டிக்கொண்டாள். நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. நான் எழுந்து நடமாடினேன். அவள் சுற்றுவதை நிறுத்தவில்லை. அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. இரவு நன்றாகத் தூங்கினாள். மாத்திரையை அவள் ஒரு நாளும் விட்டதில்லை. ஆனால் அதே மாத்திரையைத்தான் அதற்கு முன்பும் விழுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அன்று மருத்துவரிடம், "மாத்திரை இப்போதான் வேலை செய்ய ஆரம்பிச்சிருக்கு போல" என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்துச் சிரித்து, "எதையும் நிறுத்தாதீங்கம்மா" என்றார்.

கோயிலில் அவளுக்குத் துணை இருந்தது. செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்று பெண்கள். திருநெல்வேலிப் பக்கம். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து கோயில் முனையில் இறங்கி, சீருடையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு சுற்றிவிட்டு விடுதிக்குத் தூங்கப் போவார்கள். பாதிக் கண்ணை மூடிக்கொண்டே நடப்பதால் எத்தனை சுற்று என்பது அவர்களுக்கு நிற்காது. என் மனைவிதான் எண்ணுவாள். மாத்திரை டப்பா ஒன்றில் இருபத்தேழு புளியங்கொட்டை வைத்திருந்தாள். ஒரு சுற்றுக்கு ஒரு கொட்டை இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறும். ஒரு நாள் பால் வாங்கப் போனபோது அவர்கள் பேசுவது என் காதில் விழுந்தது.

"ஆச்சி, பன்னெண்டு ஆயிட்டுல்லா?"

"ஒம்போதுடீ. சாமியையே ஏமாத்துறியா? கண்ணத் தொறந்து நட. தூண்ல முட்டிகினு அப்பறம் அம்மன் அடிச்சிட்டான்னு சொல்லுவே."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டு வருடக்கணக்கு ஆகியிருந்தது. பால் பாக்கெட்டோடு திரும்பி வந்துவிட்டேன்.

நான் முப்பத்தோரு வருடம் தொழிற்சாலைகளில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்த்தவன். ஆபத்தைக் கண்டால் எனக்கு ஒன்றுதான் தெரியும்: மனிதனை அதனிடமிருந்து பிரித்து வை, நடுவில் ஒரு தடுப்பைப் போடு. ஒரு காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் சாலையைக் கடக்கும்போது ஒரு பைக் அவளை உரசிவிட்டது. விழுந்தாள். முழங்காலில் சிராய்ப்பு, புடவை ஓரத்தில் கிழிசல், அவ்வளவுதான். அவளே எழுந்து, மீதிச் சுற்றையும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. இனிமேல் போக வேண்டாம் என்றேன்.

அவளுக்காகக் கூடத்தில் தேக்கில் ஒரு பூஜை மண்டபம் செய்து வைத்தேன். மின்விளக்கு, பொத்தானை அமுக்கினால் மந்திரம் சொல்லும் கருவி எல்லாம் உண்டு. "சாமி எங்கயும் இருக்கார்னு நீதானே சொல்வே?" என்றேன்.

"சாமி இங்கயும் கீது. நான்தான் இங்க இல்ல" என்றாள்.

இரண்டு முறை எனக்குத் தெரியாமல் போய் வந்தாள். மூன்றாம் நாள் கீழே பூட்டுப் போட்டேன்.

அந்தப் பூட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொழிற்சாலையில் இயந்திரத்துக்குள் இறங்கிப் பழுது பார்ப்பவன், உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வெளியே யாரும் அதை ஓடவிட்டுவிடக் கூடாது என்று, அதன் மின் இணைப்பைத் துண்டித்து ஒரு சிவப்புப் பூட்டைப் போடுவான். அதன் ஒரே சாவி, உள்ளே இறங்குகிறவனின் பையில் இருக்கும். அவன் வெளியே வந்து அவனே திறக்க வேண்டும். மேலாளரே வந்தாலும் திறக்க முடியாது. எத்தனையோ புதிய தொழிலாளர்களுக்கு இதைப் பாடம் எடுத்திருக்கிறேன். ஓய்வு பெற்ற நாளில் என் பெயர் எழுதிய அந்தப் பூட்டை நினைவாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அதைத்தான் போட்டேன். உள்ளே இருந்தவள் அவள். சாவி என் பையில் இருந்தது.

மருத்துவமனைக்கும் கல்யாணங்களுக்கும் ஆட்டோவில் அழைத்துப் போனேன். ஆகையால் அது பூட்டி வைத்ததாகாது என்று நினைத்துக்கொண்டேன். தினமும் காலையில் டீ குடிக்கவும் பேப்பர் பார்க்கவும் நான் மட்டும் கதவைப் பூட்டிவிட்டு வெளியே போனேன். மகனிடம் ஃபோனில் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து மூன்று பெண்களும் வீடு தேடி வந்தார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட பெண்தான் பேசினாள்.

"தாத்தா, ஆச்சிய எங்க? இத்தன நாளா காணும்லா. ஒடம்புக்கு முடியலையோ?"

கதவுக்கு உள்பக்கம் நின்றிருந்தேன். பூட்டைக் கையால் மறைத்துக்கொண்டேன். "மகன் வீட்டுக்குப் போயிருக்கா. பெங்களூருக்கு. வர நாளாகும்."

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா? வந்தாவன்னா சொல்லுங்க தாத்தா, அவிய இல்லாம எங்களுக்கு எண்ணிக்கையே நிக்கல." குங்குமமும் எலுமிச்சம்பழமும் மடித்த காகிதப் பொட்டலத்தைக் கம்பி வழியாக நீட்டிவிட்டுப் போனார்கள்.

அதை மேலே கொண்டு போகவில்லை. கிடங்கு வாசலில் இருந்த பெட்டிக் குவியலின் மேல் வைத்துவிட்டேன். பொட்டலத்தைப் பார்த்தால் அவள் அவர்களைக் கூப்பிடுவாள், அவர்கள் வந்தால் பூட்டைப் பார்த்துவிடுவார்கள் என்பது ஒரு காரணம். அவள் அவர்களோடு சிரித்தது இன்னொரு காரணம். இரண்டாவதைத்தான் இத்தனை நாளும் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று இட்லிக்குச் சட்னியை ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "பெங்களூர்ல குளுராமே. ஸ்வெட்டர் எதுனா எடுத்துகினு போனேனா நானு?"

ஜன்னல் கீழ்க்கதவுக்கு நேர் மேலே இருப்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றே பூட்டைக் கழற்றியிருக்கலாம். கழற்றினால் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஒப்புக்கொள்ள முடியாமல், நானும் அந்தக் கதவுக்கு உள்ளேயே மாட்டிக்கொண்டேன்.

முதலில் கூடத்துக்குள்ளேயே சுற்றிப் பார்த்தாள். சில வாரங்களில் அதுவும் நின்றது. பொத்தானை அமுக்கி மந்திரம் போட்டால், எழுந்து போய் அணைத்துவிடுவாள். தூக்கம் போயிற்று. சர்க்கரை ஏறியது, மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். ஒரு நாள் அந்தத் தேக்கு மண்டபத்தின் அடிப்பலகை முனையில் கால் இடித்திருக்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்து போயிருந்ததால் அவளுக்குத் தெரியவில்லை. முனையை உருட்டியிருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அடுத்தவர் கம்பெனியில் ஆபத்து என்று நான் எழுதிக் கொடுக்காத கூர்முனை கிடையாது. புண் புரையோடியது. இடக்காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

"நல்லா நடந்துக்கிட்டிருந்தீங்களேம்மா, ஏன் நிறுத்தினீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. "மூட்டு வலி சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்த அன்று பூட்டைக் கழற்றி, சாவியோடு அவள் கட்டிலில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை. "இப்போ தொறந்து இன்னா பிரயோசனம்? போறதுக்குக் கால் வேணுமே" என்றாள். பிறகு, "கொட்டை டப்பா அலமாரில கீது. எனக்குப் பதிலா நீங்க போயி சுத்திட்டு வாங்க."

போனேன். வேறு எதுவும் செய்ய வழி தெரியாமல்தான் போனேன். ஆறாவது கொட்டையை மாற்றும்போது பஸ் வந்து நின்றது. மூவரும் இறங்கினார்கள்.

"என்ன தாத்தா, நீங்க வந்திருக்கிய! ஆச்சி இன்னும் பெங்களூர்லயா?" என்றாள் கண்ணாடிப் பெண்.

"அவ பெங்களூருக்குப் போகவே இல்லம்மா. வீட்லதான் இருந்தா. நான்தான் கீழே பூட்டு போட்டிருந்தேன்."

மூவரும் நின்றுவிட்டார்கள்.

"பூட்டா? எதுக்கு?"

"ரோட்டைக் கடக்கும்போது எதாவது ஆயிடுமோன்னு."

கண்ணாடிப் பெண் கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "கூட வந்து கையப் புடிச்சுக் கடத்தி விட்டிருக்கலாம்லா, தாத்தா?"

முப்பத்தோரு வருடம் எத்தனையோ ஆபத்துக்கு எத்தனையோ தடுப்புகளை எழுதியிருக்கிறேன். இது என் பட்டியலில் வரவே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வீட்டுக்கு வந்தார்கள். ஆச்சி விரல் இல்லாத காலை நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருத்தி அழுதுவிட்டாள். "இன்னாடீ, எனக்குப் பதிலா அழுவுறதுக்கு ஓவர்டைம் பாக்குறியா நீ?" என்று என் மனைவி அவளை அதட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கீழ போயி நில்லுங்க."

போய் நின்றேன். கதவு திறந்திருந்தது. கிடங்குக்குள் யாரோ அட்டைப்பெட்டிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையில் சாவி இன்னும் கிடந்தது. அவள் அதை வாங்கிக்கொள்ளவே இல்லை, கட்டிலில் கிடந்ததை நானே திரும்ப எடுத்துப் போட்டிருந்தேன். மேலே அவள் ஊன்றுகோலின் ரப்பர் முனை தரையில் பதியும் சத்தம் கேட்டது. கூடத்தில் எதைச் சுற்றுகிறார்கள் என்று தெரியவில்லை.

"ஒண்ணு" என்றாள் அவள்.

ரொம்ப நேரம் கழித்து, "ரெண்டு."

"ஆச்சி, மூணு ஆயிட்டுல்லா?"

"ரெண்டுதாண்டீ. கண்ணத் தொறந்து நட."

அதற்குப் பிறகு சத்தம் இல்லை. ஜன்னலுக்குக் கீழே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூன்று கேட்கிறதா என்று நின்றுகொண்டிருந்தேன்.