நல்லூர்க்காரர் இன்னும் கிளம்பவில்லை

கேசட் போடவேண்டும் என்ற எண்ணம் எனக்கு நல்லூரில் ஒரு கருமாதிப் பந்தலில், பீடி நாற்றத்துக்கு நடுவில் வந்தது.

எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சாயங்காலம் ஒரு கோமாளியைக் கூப்பிடுவார்கள். செத்தவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து, செத்தவரின் குரலிலேயே குடும்பத்தைக் கிண்டல் செய்வார். அழுது வறண்ட வீடு அன்றைக்குத்தான் சிரிக்கும். எங்களுக்குக் கிடைத்த கோமாளி விருத்தாசலத்தில் நான் வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையில் பொம்மை வார்ப்பவர். நான் பீங்கான் தொழில் படித்துவிட்டு அங்கே மண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தேன். அன்று அவரை என் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோயிருந்தேன்.

செத்தவர் கரும்பு விவசாயி. அவர் நாற்காலியில் சாய்ந்த கோமாளி தொண்டையைச் செருமினார். பந்தல் அடங்கியது.

"ஏண்டா, மோட்டார் ரூம்பு சாவிய எங்கடா வச்ச?"

பந்தலின் கடைசியில் பீடி குடித்துக்கொண்டிருந்த மூத்த மகன், முப்பது வயதுக்கு மேற்பட்டவன், பீடியைக் கீழே போட்டுக் காலால் மறைத்துக்கொண்டு எழுந்து நின்றான். "ஆணியில மாட்டியிருக்குதுப்பா" என்றான்.

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் உட்காரவில்லை. நாற்காலியில் இருந்தவர் கையை அசைத்து "உக்காரு" என்ற பிறகுதான் உட்கார்ந்தான். இது காற்றோடு போகக்கூடாது, எதிலாவது பிடித்துவைத்தாக வேண்டும் என்று அந்த நிமிஷம் தோன்றியது. தோன்றிவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த நிகழ்ச்சிக்கு ஒரு முடிவு உண்டு. நாம் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் 'போயிட்டு வரேன்' என்போம். 'போறேன்' என்றால் வாயில் அடி விழும். கோமாளியோ ஒவ்வொரு செத்தவரையும் 'போறேன்' என்று சொல்லவைத்துத்தான் நாற்காலியை விட்டு எழுவார். பிறகு சொம்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துத் துப்புவார். திரும்பும் வழியில் இதைப்பற்றி நோண்டினேன்.

"கூப்புட்டவன்தான் தம்பி அனுப்பி வைக்கணும்" என்றார் சைக்கிளின் பின்னாலிருந்து. "எத்தினி தடவ கூப்புட்டாலும் அத்தினி தடவ அனுப்பணும். நடுவுல விட்டுட்டு வந்துட்டா வூட்டுல ஒக்காந்துக்குவாங்க."

"யாரு?"

"வந்தவங்க."

நான் சைக்கிளை வேகமாக மிதித்தேன்.

அவர் குரல் ஏற்கெனவே கரகரத்துக்கொண்டிருந்தது. சில வாரங்களில் பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தார். தொண்டையில் கட்டி.

"அறுத்தா பொழச்சிக்குவ, பேசுவியான்னு மட்டும் கேக்காதன்னுட்டாரு டாக்டரு. எங்கொரலு போனாப் போவுது தம்பி. சுத்துப்பட்டுல செத்தவங்க பாதிப் பேரு எங்கிட்டதான் இருக்காங்க. அவங்க எங்க போவாங்க?"

அதற்கு மேல் நான் எதற்குக் காத்திருக்க வேண்டும்? கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன் என் சிநேகிதன். அவன் அண்ணன் குவைத்திலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்திருந்தார்.

"மாப்ள, செத்தவனப் பேசவச்சு எங்க அண்ணன் மிஷின்ல புடிக்கப்போறியா?" என்றான். "எங்கம்மாவுக்குத் தெரிஞ்சுது, மிஷினையும் என்னையும் ஒண்ணா வெளிய போட்டுருவாங்க."

"சிரிப்புப் பாட்டுன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒரு பக்கம் பாட்டுதானே. பாதி நெஜம்."

எங்கள் ஊரில் சத்தமில்லாத இடமே கிடையாது. ஜங்ஷனில் ரயில் கூவும், கோயில் பக்கம் ஒலிபெருக்கி, பட்டறைகளில் மண் அரைக்கும் உருளை. ஞாயிற்றுக்கிழமை, சரக்கு இறக்கி ஆறிய சூளைக்குள் பிடிக்கலாம் என்று சொன்னவன் நான்தான். உள்ளே நுழையக் குனியவேண்டும். நிமிர்ந்தால் வட்டமான செங்கல் சுவர், மேலே கவிழ்த்த சட்டி மாதிரி கூரை. பல வருஷச் சூட்டில் செங்கல்மேல் கண்ணாடி போல ஒரு பூச்சு உருகி வழிந்து நின்றிருந்தது. பேசினால் சொல் சுவரைச் சுற்றிவந்து, கொஞ்சம் தாமதமாக, நம் முதுகுக்குப் பின்னால் முடிந்தது.

கோமாளி சுற்றிலும் பார்த்தார். "ஆளே இல்லாம எப்பிடி தம்பி சிரிப்புக் காட்டறது? மொகம் வேணும்."

ஆட்களைக் கூட்டினால் தும்முவார்கள், இருமுவார்கள். கடைசியில் அவரே வெளியே போய், காலையில் இறக்கிய பொம்மைகளை எடுத்துவந்து சுவரோரம் வரிசையாக வைத்தார். எல்லாம் வெள்ளை. பளபளப்பு ஏறியிருந்தது, கண் இன்னும் எழுதவில்லை. உட்கார்ந்த செட்டியார்கள், குடம் தூக்கிய பெண்கள், தலையாட்டிகள். கண்ணில்லாத அத்தனை பேருக்கும் நடுவில் அவர் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

முதல் பக்கம் பாட்டு. சிநேகிதன் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

"பெண்ணாடத்துக் கரும்பு வண்டி முன்னால போவுது - எங்க
மாமியா வர்ற பஸ்ஸு அதுக்குப் பின்னால மேயுது!
வண்டிக்காரா வண்டிக்காரா மாட்ட முடுக்காதே - எங்க
வூட்டுல இருக்கிற நிம்மதிய நீயும் கெடுக்காதே!"

பாட்டுக்குப் பாட்டு நிறுத்தி, சிரிப்புக்காக இடம் விட்டார். பழக்கம். அந்த இடைவெளியில் 'டிண்' என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து வேறொரு மூலையில், 'டிண்'. சூளையிலிருந்து வந்த சரக்கு ஆறும்போது மேல்பூச்சு நுண்ணிதாக விரிசல் விடும், அந்தச் சத்தம். படித்தவன், எனக்குத் தெரியும். ஆனால் அது அவர் நிறுத்திய இடத்தில் மட்டும் வந்தது, அல்லது அங்கேதான் எங்கள் காதில் விழுந்தது.

"சிரிக்கிறாங்க" என்றார் அவர், பொம்மைகளைப் பார்த்து.

"மாப்ள, சீக்கிரம் முடி" என்று என் காதில் சொன்னான் சிநேகிதன்.

இரண்டாம் பக்கம் செத்தவர்கள். பக்கத்து மங்களூர் மிட்டாய்க்காரர், பால்காரம்மா, ஒரு ஸ்கூல் வாத்தியார். ஒவ்வொருவரும் வந்து, வம்பளந்து, 'போறேன்' சொல்லிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் பின்னால் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தமும் விழுந்திருக்கிறது. கடைசியாக நல்லூர்க்காரர். அதற்குள் கோமாளியின் தொண்டை கிழிந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தக் குரலுக்கு அந்தக் கிழிசல் பொருந்தியது.

"எமன் வந்து நின்னான். ஐயா, கரும்பு முத்திப்போயி நிக்குது, மில்லுலேர்ந்து வெட்டு உத்தரவு வரட்டும், வெட்டிட்டு வந்துடறேன், கொஞ்சம் பொறுக்க மாட்டீங்களான்னேன். எமன் சொல்றான், அடப்பாவி, அந்த உத்தரவுக்குக் காத்திருந்துதான்டா எங்கப்பன் செத்தான்!"

அவர் நிறுத்தினார். கூரை அந்த வாக்கியத்தை ஒருமுறை சுற்றிவிட்டு எங்களிடம் திருப்பிக் கொடுத்தது. 'டக்' என்று மிஷினின் பொத்தான் தானாக மேலே எழும்பியது. டேப் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அவர் "போறேன்" என்றார்.

அதை மட்டுமாவது வேறு கேசட்டில் பிடிக்கலாம் என்று நான் பரபரத்தேன். அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மறுநாள் காலை பாண்டிச்சேரி பஸ்ஸில் ஏறினார்.

அவர் திரும்பி வருவதற்குள் கேசட் ஊர் சுற்றிவிட்டது. டீக்கடையில் ஓடியது, கல்யாண வீட்டில் ஓடியது. நல்லூர் மகன் மிஷினோடு இரவல் வாங்கிப்போய் ஒரு வாரம் வைத்திருந்தான். அவன் திருப்பிக் கொடுக்க வந்தபோது கூடவே அவன் அம்மாவும் ஜவுளிக்கடைக்கு வந்தார். கோமாளியும் அங்கே இருந்தார், கழுத்தைச் சுற்றித் துண்டோடு. கட்டி போய்விட்டது. குரலும் போய்விட்டது.

அந்த அம்மா யாரையும் குறைசொல்லவில்லை. கேசட்டை மேஜைமேல் வைத்தார்.

"அவரு இன்னும் கெளம்பலீங்க தம்பி. பேசறாரு, சிரிக்க வைக்கிறாரு, அதோட நின்னுடறாரு. தெனமும் கதவத் தொறந்து வச்சிட்டு ஒக்காந்திருக்கறேன். இவன் பீடியே குடிக்கிறதில்ல. நாற்காலியில ஒரு புள்ள ஒக்கார மாட்டேங்குது."

"அம்மா, அது வெறும் டேப்புமா" என்றேன்.

"தெரியும் தம்பி. நான் மட்டும் என்ன, டேப்பு இல்லன்னா சொன்னேன்?"

கோமாளிதான் எழுந்தார். மகன் காலில் கிடந்த பழைய டயர் செருப்பை ஜாடையால் கழற்றச் சொன்னார். அப்பா போட்டிருந்த செருப்பு. அதை மாட்டிக்கொண்டு கடையின் உள்பக்கத்திலிருந்து வாசலைப் பார்த்து நடந்தார். ஒரு கால் அழுத்தி, ஒரு கால் இழுத்து. டப், சரக். டப், சரக். அந்த விவசாயிக்கு இடது கால் இழுக்கும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

அந்த அம்மா நகர்ந்து வழிவிட்டார். மகன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான்.

"இதைப் புடிங்க தம்பி" என்றார் அந்த அம்மா மெதுவாக.

சிநேகிதன் உடனே புதுக் கேசட்டை நீட்டினான். அந்த அம்மா வேண்டாமென்று தலையசைத்தார். "அவரு பேசறது இதுல. வேற வூட்டு வாசலு வழியாப் போனா, இந்த வூட்ட வுட்டுப் போனதாவுமா?"

இந்தக் கேசட்டில் இடமில்லை. இதில் அந்த நடை ஏறவேண்டுமென்றால் கடைசிப் பகுதியை அழித்துத்தான் ஏற்றவேண்டும்.

"அண்ணே, அது உங்க கொரலு" என்றேன் கோமாளியிடம். "இனிமே இருக்கிறதே இவ்வளவுதான்."

கோமாளி கேசட்டைக் கையில் வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப்பார்த்தார், தேங்காய் பார்ப்பதுபோல. பிறகு என் கையில் வைத்து, என் விரல்களை மூடினார். தோள்கள் குலுங்கின.

"சிரிக்கிறாரா, இருமுறாரா மாப்ள?" என்றான் சிநேகிதன். சத்தமில்லாததால் எங்களால் சொல்லமுடியவில்லை.

நாலு நாளாக மிஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கடைசிச் சொல்லுக்கும் பொத்தான் எழும்புவதற்கும் நடுவிலுள்ள மௌனத்தில் அந்த நடை அடங்குமா என்று பார்த்தேன். அவர் பேசியது சூளைக்குள், ஆகவே கிளம்புவதும் அங்கிருந்துதான்; ஸ்டூலிலிருந்து சூளை வாசல்வரை கால் இழுக்கிற மனிதர் நடக்க அந்த இடம் போதாது. அவசரமாக நடந்தால் அது அவர் இல்லை. ஆகவே எமனின் பதில் போகவேண்டியதுதான். 'கொஞ்சம் பொறுக்க மாட்டீங்களான்னேன்' என்பதோடு குரல் நிற்கும், பிறகு செருப்பு. எமன் என்ன சொன்னான் என்பது சூளையில் இருந்த எங்களுக்கும், ஏற்கெனவே கேட்டவர்களுக்கும் மட்டும் தெரியும்.

சனிக்கிழமை சூளையில் சரக்கு இறக்குகிறார்கள். ஞாயிறு காலை முதலில் ஒரு வேண்டாத கேசட்டில் நடையை மட்டும் பிடித்துப் பார்ப்போம், எவ்வளவு டேப் ஓடுகிறதென்று. வாசலில் அவர் குனிந்து வெளியேறும்போது சத்தம் எப்படி மாறும் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. மிஷினை உள்ளேயே வைத்துவிட்டு நாங்களும் வெளியே நிற்பதா, அல்லது ஒருவர் உள்ளே இருந்து பொத்தானை அழுத்துவதா என்று இன்னும் முடிவாகவில்லை. சிநேகிதன் மாட்டேன் என்றுவிட்டான். நான் உள்ளே இருப்பேன் என்று நினைக்கிறேன்.