கம்பளிப் பூதத்துக்கு வணக்கம் சொன்ன மினேகோ அக்கா

‘மின்மினி வீரன்’ தொடரை எங்கள் ஊர்க் கல்குவாரியில்தான் எடுத்தார்கள். டிவியில் வந்தது பதின்மூன்றே வாரம். வீரனின் சக்தி முழுக்க அவன் பின்பக்கத்தில் எரியும் விளக்கில் இருந்தது. அது சைக்கிள் விளக்கு என்று எட்டு வயதிலேயே எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன்மேல் உயிரையே வைத்திருந்தேன். இன்று வயது ஐம்பத்தேழு, சலூன் வைத்திருக்கிறேன், அந்தத் தொடரின் ரசிகர் மன்றத்துக்குச் செயலாளர். உறுப்பினர்கள் பதினொரு பேர். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு உயிர் பன்னிரண்டாம் வாரம். வீரனும் கம்பளிப் பூதமும் கட்டிப் புரள்கிறார்கள். பின்னால் ஒரு இளம்பெண், கையில் முள்ளங்கிப் பையோடு, குறுக்கு வழியில் வந்துவிடுகிறாள். திடுக்கிட்டு நிற்கிறாள். இடைஞ்சல் செய்துவிட்டோமே என்று பூதத்தைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்து வணங்குகிறாள். பூதமும் வீரனின் கழுத்தை விட்டுவிட்டுப் பதிலுக்குக் குனிகிறது. அவள் போனதும் சண்டை தொடர்கிறது. மறுபடி எடுக்க ஃபிலிம் இல்லை, அப்படியே ஒளிபரப்பிவிட்டார்கள்.

அவள்தான் பூதங்களின் ராணி, முள்ளங்கி அவளுடைய செங்கோல் என்று எங்கள் உறுப்பினர் குரிமோட்டோ, படித்த பல் டாக்டர், நாற்பது பக்கம் எழுதினார். அதைக் குப்பை என்றேன். இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

அவளை நான் இருபது வருடம் தேடினேன். எங்கள் தெருவில் அறிவிப்புப் பலகை ஒன்று வீடு வீடாகச் சுற்றும். படித்து, முத்திரை குத்தி, பக்கத்து வீட்டில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ரசிகர் கூட்ட அறிவிப்போடு அவள் படத்தையும் அதில் ஒட்டி, ‘இவரைத் தெரியுமா?’ என்று கேட்பேன்.

என் பக்கத்து வீடு மினேகோ அக்கா. பள்ளிக்கூடச் சமையலில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மன்னிப்புக் கேட்காமல் அவரால் மூச்சுவிட முடியாது. ஓடிப்போய் ஏற முடியாமல் விட்ட பஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்பார். சீமைப்பனிச்சை மரத்திடம் கேட்டுவிட்டுத்தான் கிளையை வெட்டுவார். மாதம் ஒருமுறை முகத்துப் பூனைமுடியை மழித்துக்கொள்ள என் கடைக்கு வருவார். கண்ணாடிக்கு மேலே அந்தப் படம் மாட்டியிருக்கும். அதில் முகத்தைவிட முள்ளங்கிதான் தெளிவு. என் கத்திக்குக் கீழே அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு படுத்திருப்பார். கூச்சம் என்று நினைத்தேன். எனக்கும் ஒரு மூளை!

இந்த வருடம் அறிவிப்பில் ஒரு வரி கூட்டினேன்: கம்பளிப் பூதத்துக்குள் இருந்த ஹிராபுகி ஐயா, வயது எண்பது, நேரில் வருகிறார். கூட்டத்தன்று குவாரிக்கு மினேகோ அக்கா வந்து நின்றார். கறுப்பு உடை, கையில் துணி சுற்றிய இனிப்புப் பெட்டி.

“என்னக்கா, இந்தப் பக்கம்?”

“மன்னிச்சுக்கப்பா. அந்தப் படத்துல இருக்கிறது நான்தான்.”

பல் டாக்டர் தேநீரைத் தன் கால்சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“இருபது வருஷமா என் நாற்காலியில படுத்துக்கிட்டு வாயே திறக்கலையே, அக்கா!”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு சொல்றது? நான் குறுக்கே போனதாலதானே அடுத்த வாரத்தோட நிறுத்திட்டாங்க. நீ தெருவுல உருண்டு அழுதியே, கண்ணால பார்த்தேன்.”

அக்கா, மடக்கு நாற்காலியில் இருந்த ஹிராபுகி ஐயாவின் முன்னால் போய், ஜல்லியிலேயே மண்டியிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் நகர்த்தினார். “உங்க பொழப்பைக் கெடுத்துட்டேன். ஐம்பது வருஷம் ஆச்சு. இப்பதான் வர முடிஞ்சது.”

ஐயா பதறி எழுந்து குனிந்தார். அக்கா இன்னும் குனிந்தார். அவர் அதற்கும் கீழே. யாரும் முதலில் நிமிரத் தயாரில்லை. கடைசியில் ஐயாவின் முதுகு பிடித்துக்கொள்ள, நான்தான் தூக்கி உட்கார வைத்தேன்.

“அட, நீங்க ஒண்ணும் கெடுக்கலம்மா! விளம்பரம் குடுத்த ஊறுகாய்க் கம்பெனி கையை விரிச்சிடுச்சு. பதிமூணோட மூட்டை கட்டறதுன்னு நீங்க வர்றதுக்கு முன்னாடியே முடிவாயிடுச்சு.”

“அப்போ... நான் காரணம் இல்லையா?”

துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அக்காவின் முகம் தொங்கிப்போனது. ஐம்பது வருடமாக ஒரு வீரனையே வீழ்த்தியவராக இருந்தவர், இப்போது முள்ளங்கி வாங்கிப்போன ஒரு பெண், அவ்வளவுதான். பெட்டி மேல் இருந்த விரல்களுக்கு, தள்ளுவதா இழுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஐயா அதைக் கவனித்தார். தொண்டையைச் செருமினார்.

“முழுக்க இல்லன்னுதான் சொன்னேன். கொஞ்சம் கெடுத்தீங்க.”

“கொஞ்சமா?”

“டைரக்டர் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சாரு. பூதம் எங்கேயாவது வணக்கம் சொல்லுமாடான்னு. மூணு நாள் எனக்குச் சோறு இறங்கல.”

அக்காவின் முகத்தில் உயிர் திரும்பியது. “ஐயையோ, ரொம்பத் தப்புப் பண்ணிட்டேன்!” என்று மனசார, மகிழ்ச்சியாக, பெட்டியை முழுசாகத் தள்ளினார்.

பிறகு விடைபெற்று, அதே குறுக்கு வழியில் குவாரியின் நடுவே நடந்து போனார், வழியில் நின்ற எங்கள் பதினொரு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே.