ஆறடி மாதாவுக்குச் சேலை கட்டிய கதை

2009ஆம் ஆண்டு கிறிஸ்மஸுக்கு லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்களுக்குத் தெரிந்த பல தமிழ் வீடுகளில் நட்சத்திரக்கூடு தொங்கவில்லை. அந்த வைகாசியில் வன்னியில் யுத்தம் முடிந்தபோது அநேகமாக எல்லா வீட்டுக்கும் ஓர் இழப்பு இருந்தது. செத்தவீடு கண்ட குடும்பம் அந்த வருடம் பெருநாள் கொண்டாடாது, பலகாரம் சுடாது. எங்கள் வீட்டில் மட்டும் மார்கழி பிறக்க முன்பே மரம் வைத்து விளக்கும் போட்டாயிற்று.

அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வன்னிக்குள் போன என் மாமா, சித்திரை மாதத்துக்குப் பிறகு தொலைபேசி எடுக்கவில்லை. முகாமில் இருப்பான், போன் கிடைத்தால் எடுப்பான் என்பதைத் தவிர வேறு பேச்சை அம்மா வீட்டுக்குள் விடவில்லை. மாமாவின் ஆன்மா இளைப்பாற ஒரு பூசை ஒப்புக்கொடுக்கலாமே என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தவர்களின் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். கிறிஸ்மஸ் செய்யாமல் விட்டால் அவனை நாங்களே சாகக் கொடுத்த மாதிரி என்று ஒருமுறை அப்பாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. எனக்கு ஒன்பது வயது. அம்மா சொன்னால் அது சரிதான். மாமாவும் வரப்போகிறார், பலகாரமும் வரப்போகிறது என்று நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

அம்மா வீட்டிலிருந்து சேலைக்குப் பிளவுஸ் தைப்பவர். ஹை ஸ்ட்ரீட்டில் இருந்த ஒரு சேலைக் கடைக்காரர்தான் ஆட்களை அனுப்புவார். அவர் அனுப்பி ஒரு சனிக்கிழமை எங்கள் வாசலில் வந்து நின்றவர் ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரு வெள்ளைக்காரர். கையில் நீலப் பட்டுச் சேலை. அம்மாவின் ஆங்கிலம் தாங்க்யூவோடு நின்றுவிடும். அப்பாவின் ஆங்கிலம் பெற்றோல் ஸ்டேஷனுக்கு மட்டும் போதுமானது. கவுன்சில், டொக்டர் என்று எல்லா இடத்திலும் அவர்களுக்காகப் பேசிக்கொடுத்துப் பழகியிருந்த நான், கொஞ்சம் தலைக்கனத்தோடுதான் முன்னால் போய் நின்றேன்.

நான்கு பேர் சேர்ந்து கிறிஸ்மஸ் நாடகம் ஒன்றை ஊர் ஊராகக் கொண்டு போகிறார்களாம். அதில் தனக்கு அம்மா வேடமாம். குட்மேய்ஸில் ஒரு மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் ஆட்டம் இருக்கிறது, அன்றைக்குச் சேலை கட்டி மேடை ஏற ஆசை என்றார். ஆண்கள் பெண்களாக உடுத்தி, ஆடிப் பாடி, ஒருவரையொருவர் நக்கலடிக்கும் ஒரு கலை இந்த நாட்டில் இருக்கிறது என்பது எனக்கு எங்கே தெரியும். நான் கண்ட கிறிஸ்மஸ் நாடகம் எல்லாம் பள்ளிக்கூடத்தில் போட்ட பாலன் பிறப்பு ஒன்றுதான். அதில் அம்மா என்றால் யார்? மாதாவாக நடிக்கிறாராம் என்று தமிழ்ப்படுத்திவிட்டேன்.

அம்மா ஆச்சரியப்படவே இல்லை. ஊரில் கோயில் கூத்துக்குப் பெண் வேடமெல்லாம் ஆண்கள்தான் கட்டுவார்களாம். அப்பாதான் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாதாவுக்கு இந்த உயரம் கொஞ்சம் கூடிப்போகாதே?"

"வேசம் நல்லா இருந்தா உயரத்த ஆர் பாக்கப்போகினம்? நீங்க அளவ எடுங்கோ," என்றார் அம்மா.

ஆண்களுக்கு அம்மா அளவெடுப்பதில்லை. ஆகவே அப்பா கதிரையில் ஏறி நின்று நாடாவைப் பிடிக்க, அம்மா குசினி வாசலில் நின்றபடி மேலே, கீழே, இறுக்கிப் பிடியுங்கோ என்று உத்தரவு போட, நான் கொப்பியில் எழுதினேன். மாதாவுக்கு ஏற்ற மரியாதையோடு அம்மா அந்தப் பிளவுஸைத் தைத்தார். கழுத்து ஏறியிருந்தது, கை முழங்கையைத் தாண்டியது, இடுப்பில் ஒரு விரல்கூடத் தெரியாது. எடுக்க வந்தவர் அதை உயர்த்திப் பிடித்து நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, சேலையைக் கட்டிவிடவும் நீங்களே வரவேண்டும் என்று கேட்டு மூன்று அனுமதிச் சீட்டுகளையும் தந்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் நுழைந்ததும் என் மொழிபெயர்ப்பில் எனக்கே சந்தேகம் வந்தது. மற்ற மூவரும் கோபுரம் போன்ற பொய் முடியும், விரல் நீளத்துக்குக் கண்ணிமையும், மினுங்கும் உடுப்புமாக நின்றார்கள். ஒருவரின் பாவாடையில் மின்விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

"இவையள் ஆர் பிள்ளை, சம்மனசுகளோ?" என்றார் அப்பா.

ஓம், வானதூதர்கள்தான் என்றேன். வேறு என்ன சொல்வது? அப்பா சம்மனசுகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு மண்டபத்தில் இடம் பிடிக்கப் போய்விட்டார்.

அளவெடுக்கவே கை வைக்காத அம்மா சேலையை விரித்துக்கொண்டு சற்று நேரம் தயங்கினார். பிறகு அவருடைய கை தானாகவே வேலை செய்யத் தொடங்கியது. ஒரு துவாயை மடித்து வெள்ளைக்காரரின் இடுப்பில் சுற்றிக் கட்டிப் பெண் இடுப்பாக்கினார். சேலையின் முன்மடிப்பான கொய்யகத்தை வழக்கத்தைவிட நான்கு விரல் உயர்த்தி மடித்து, வெளியே தெரியாமல் ஊசி குத்தினார். அவர் நடந்து பார்த்தார், திரும்பிப் பார்த்தார், கால் தடக்கவில்லை. உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டார்.

"என்ர தம்பிக்குக் கட்டிவிட்டனான் எண்டு சொல்லு. கூத்தில அவன்தான் பொம்பிள வேசம். ஆம்பிளக் கால் எட்டி வைக்கும், கொய்யகத்த ஏத்தித்தான் கட்டவேணும்."

மாமா பெண் வேடம் கட்டியவர் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். நான் ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் உற்சாகமாகிவிட்டார். தம்பி இப்போதும் நடிக்கிறாரா என்று கேட்டார். அதை அம்மாவிடம் சொன்னேன்.

அம்மாவின் உதடுகளுக்கிடையில் ஊசிகள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் குத்தி முடித்தார்.

"அவன் செத்துப்போனான் எண்டு சொல்லு," என்றார்.

மாவுக்கு உப்புக் காணாது என்று சொல்கிற அதே குரல். இப்போதும் அது என் காதில் நிற்கிறது. அன்று எனக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. அம்மாவின் கெட்டித்தனத்தை மெச்சினேன். இன்னும் பத்து நிமிடத்தில் மேடை ஏறவேண்டிய ஒரு வெள்ளைக்காரருக்கு வன்னியையும் முகாமையும் வராத தொலைபேசியையும் யார் விளங்கப்படுத்துவது? ஒரு சின்னப் பொய்யோடு அம்மா கதையை முடித்துவிட்டார். நானும் மூன்று சொல்லில் அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். குனிந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மாவும் கையை இழுக்கவில்லை.

"அழவேண்டாம் எண்டு சொல்லு," என்றார் அம்மா. "மை கரையும்."

அன்று மேடைக்கு மாதா வரவில்லை. வந்தவள் தொலைந்துபோன வான்கோழியைத் தேடி மண்டபம் முழுக்க ஓடித் திரிந்த ஒரு வாயாடித் தாய். சம்மனசுகள் மூவரும் அவளுடைய அடங்காத பெண்பிள்ளைகள், காலைத் தூக்கித் தூக்கி ஆடினார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஓட்டத்துக்கும் கொய்யகம் குலையவில்லை. அம்மா சிரித்தார். முதலில் வாயைப் பொத்திக்கொண்டும், பிறகு பொத்த ஏலாமல் கண்ணைத் துடைத்துத் துடைத்தும் சிரித்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. என் பிழை மன்னிக்கப்பட்டது என்று நினைத்தேன்.

ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது மரத்தைக் காணவில்லை. பலகாரத்துக்கு வறுத்து வைத்த மாவும் போத்தலோடு அலுமாரிக்குள் போய்விட்டது. மாதா நாடகம் என்று சொல்லி ஏமாற்றியதற்கு எனக்குக் கிடைத்த தண்டனை என்று எண்ணி இரண்டு நாள் அம்மாவோடு கோபித்துக்கொண்டு திரிந்தேன். அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசையில் சுவாமியார் மாமாவின் பெயரை வாசித்து, அவருடைய ஆன்மாவுக்காக மன்றாடச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெள்ளைக்காரருக்குச் சொன்னது போகட்டும், சுவாமியாரிடமுமா? அந்த வருடம்தான் மறைக்கல்வி வகுப்பு முடித்து எனக்கு முதல் நன்மை என்ற முதல் நற்கருணை கொடுத்திருந்தார்கள். பொய் எவ்வளவு பெரிய பாவம் என்று அரை மணி நேரம் பேசக்கூடிய அறிவு என்னிடம் இருந்தது. பக்கத்தில் அப்பா கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவரையும் அம்மா சேர்த்துக்கொண்டுவிட்டார் என்று எண்ணினேன். சுவாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று பார்த்தால் அம்மாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

கிறிஸ்மஸ் அன்று காலையிலிருந்து வாசல் மணி அடித்தபடியே இருந்தது. பலகாரம் சுடாத வீட்டுக்குச் சுட்டவர்கள் கொண்டுவந்து கொடுப்பது வழக்கமாம். பயத்தம் பணியாரம், சீனி அரியதரம், கொக்கிஸ், கேக் என்று மேசை நிரம்பியது. கொண்டுவந்தவர்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள், என் தலையைத் தடவினார்கள். எனக்கோ ஒரே பயம். மாமா என்றைக்காவது வந்து வாசலில் நிற்கத்தான் போகிறார். அன்றைக்கு இவர்கள் எல்லாருக்கும் அம்மா என்ன பதில் சொல்லுவார்? யார் கேட்டாலும் அந்தப் பொய்யை முதலில் சொன்னது நான்தான் என்று ஒப்புக்கொள்வதென, வாய் நிறையப் பணியாரத்தோடு முடிவு செய்துகொண்டேன்.