வருவதாக இருந்தால் சொல்லாதே

பஸ் டிப்போவில் டூட்டி போடுவது அவள் வேலை. நூற்று அறுபது டிரைவர்கள், எண்பத்திரண்டு வண்டிகள். யார் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று மறுநாள் பட்டியலை மதியம் மூன்று மணிக்குள் சுவரில் ஒட்டிவிட வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு மச்சான் வீட்டு விசேஷம், இன்னொருவருக்கு அந்த ரூட்டே பிடிக்காது. அதட்டி, கெஞ்சி, கட்டம் கட்டமாக அடித்துத் திருத்தி, இருபத்திரண்டு வருடமாக ஒரு வண்டிகூட ஆளில்லாமல் நின்றதில்லை என்று பேர் வாங்கியிருந்தாள். டிரைவர்களுக்கு அவள் டூட்டியக்கா.

அப்பேர்ப்பட்டவளால் இரண்டே இரண்டு தோழிகளைத் தன் வீட்டுக்கு வரவழைக்க முடியவில்லை.

ஒருத்தி கணக்கு டீச்சர். மற்றவள் கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். அதனால் அவள் பேரே கண்ணாடி என்று ஆகிவிட்டது. மூவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச். இப்போது ஒருத்தி வீட்டிலிருந்து இன்னொருத்தி வீட்டுக்கு இரண்டு ஸ்டாப்தான். ஆனாலும் முகம் பார்த்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

போனில் மூவருக்குமாக ஒரு குரூப் இருந்தது. “இந்த ஞாயிறு?” என்று டூட்டியக்கா போடுவாள். “பார்க்கலாம்டி” என்பாள் டீச்சர். கண்ணாடி ஒரு கட்டைவிரல் படத்தைப் போடுவாள். அதற்கு வருகிறேன் என்று அர்த்தமா, படித்துவிட்டேன் என்று அர்த்தமா, ஆளை விடு என்று அர்த்தமா, யாருக்குத் தெரியும்?

அப்படி முட்டி மோதி ஒரு ஞாயிறு முடிவாயிற்று என்றுதான் அவள் நம்பினாள். முந்தின நாளே திரைச்சீலைகளைத் துவைத்தாள். நாற்காலி மேல் ஏறி ஃபேன் இறக்கையைத் துடைத்தாள். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்யும் வீட்டுக்காரரை, அவர் சாமான்களோடு பின்பக்கம் துரத்திவிட்டு, பிறகு கேக் வாங்கிவர அனுப்பினாள். நான்கு மணி ஆயிற்று. ஐந்தாயிற்று. ஐந்தரைக்குப் பொறுக்கமாட்டாமல் போனை எடுத்தாள்.

“இன்னைக்கா?” என்றாள் டீச்சர். “நீ கடைசியா உறுதியா ஒண்ணும் சொல்லலையே? அவளும் வர்றேன்னு சொல்லல.”

“அவதான் கட்டைவிரல் போட்டாளே!”

கண்ணாடியைக் கூப்பிட்டால், “பாத்துட்டேன்னு போட்டேன்டி” என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வீட்டுக்காரர் மூன்றாவது துண்டில் இருந்தார். “கேக் நல்லாத்தான் இருக்கு” என்றார்.

“நீங்க ஒரு வார்த்தை பேசாதீங்க.”

மறுநாள் டிப்போவில் ஒரு வெறும் டூட்டி ஷீட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பன்னிரண்டு வாரம், மூன்று பேர், யார் வீட்டில், எத்தனை மணிக்கு, ஒருத்தியால் முடியாவிட்டால் மாற்று நாள் எது என்று எல்லாவற்றையும் கட்டம் போட்டு, சிவப்புப் பென்சிலால் கோடிட்டு, படமெடுத்து அனுப்பினாள். நான்காவது நிமிடம் டீச்சர் போன் செய்தாள்.

“நான் என்ன உன் டிரைவரா? லீவு வேணும்னா உனக்கு லெட்டர் எழுதணுமோ?”

“வரத்தான் துப்பில்ல. கோபத்துக்கு மட்டும் குறைச்சலே இல்ல.”

டீச்சர் பட்டென்று போனை வைத்தாள். அதற்குப் பிறகு பதினாறு நாள் அந்தக் குரூப்பில் ஈ காக்கை இல்லை.

பதினேழாம் நாள் ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் ஆறே கால் இருக்கும். வாசலில் மணி அடித்தது. கதவைத் திறந்தால் கண்ணாடி நிற்கிறாள், கையில் ஒரு சின்னப் பெட்டி. டூட்டியக்கா வீட்டுக்காரர் மூலம் கடைக்குக் கொடுத்தனுப்பியிருந்த படிக்கிற கண்ணாடி தயாராகிவிட்டதாம், வீட்டுக்குப் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று இறங்கினாளாம்.

டூட்டியக்காவுக்கு உயிரே போய்விட்டது. சோபாவில் துவைத்த துணி மலை போலக் கிடந்தது. கூடத்தின் நடுவே பேப்பரை விரித்து, வீட்டுக்காரர் ஒரு மோட்டாரைக் கழற்றிப் போட்டிருந்தார். அவள் நைட்டியில் இருந்தாள். வாசலை அடைத்துக்கொண்டே, “ஒரு போன் பண்ணக் கூடாதா?” என்றாள்.

“பண்ணியிருந்தா நீ திரைச்சீலையைக் கழட்டித் துவைச்சிருப்ப” என்று சொல்லி, அவள் கைக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள் கண்ணாடி. துணியை ஒதுக்கி உட்கார்ந்தாள். ஒரு சட்டையை மடியில் போட்டு மடிக்க ஆரம்பித்தாள். அப்படியே பேச்சும் வந்தது. அவள் அம்மாவுக்கு ஞாபகம் தவறுகிறதாம். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு மறந்துவிடுகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது.

“உன் வீட்டுக்கு வந்தா நாலு மணி நேரம் உக்கார வைப்ப. பாதியில எழுந்தா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவ. அரை மணி நேரம்னா எப்ப வேணாலும் வந்துட்டுப் போவேன்டி.”

“இதை ஏழு மாசமா வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?” என்று டூட்டியக்கா கத்தினாள். கோபம் அவள் மேலா, தன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணாடி மடித்த துணியை அடுக்கி வைத்துவிட்டு ஏழு மணிக்குள் கிளம்பிவிட்டாள்.

அன்றைக்கே டூட்டியக்கா குரூப்பில் எழுதினாள்: “செவ்வாய், வியாழன் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் என் வீட்டுக் கதவு திறந்திருக்கும். வர்றதா இருந்தா சொல்லாதீங்க. வரலைன்னாலும் சொல்லாதீங்க. வீடு எப்படிக் கிடக்கோ அப்படியேதான் கிடக்கும். டீ உண்டு, பிஸ்கட் உண்டு. பத்து நிமிஷம் இருந்தாலும் சரி.”

முதல் செவ்வாய் யாரும் வரவில்லை. வியாழனும் வரவில்லை. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பூனை மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. “கொசுவை எல்லாம் விருந்துக்குக் கூப்பிட்டிருக்க” என்றார் வீட்டுக்காரர். மூன்றாவது செவ்வாய் மதியம் டீச்சரிடமிருந்து வந்தது: “இன்னைக்கு வரட்டுமா?”

டூட்டியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். “சொல்லாதேன்னு எழுதியிருக்கேன்ல?”

“கேக்கத்தானே செஞ்சேன்?”

ஆறரைக்கு டீச்சர் பரீட்சைப் பேப்பர் கட்டோடு வந்தாள். சமாதானம், மன்னிப்பு ஒன்றும் இல்லை. சாப்பாட்டு மேஜையில் கட்டைப் பிரித்துத் திருத்த ஆரம்பித்தாள். ஒரு பிள்ளை வட்டத்துக்கு மூலை நாலு என்று எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினாள். மற்றபடி பேச்சே கிடையாது. எழுந்து போகிறபோதுதான் சொன்னாள்.

“உன் சார்ட்டுல தொடர்ந்து மூணு ஞாயிறு என் வீட்டுலயே போட்டிருந்தடி. பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடுச்சு. வாரம் பூரா கத்திக் கத்தி, நான் வாயைத் திறக்காம இருக்கற ஒரே நாள் அதுதான்.”

டூட்டியக்கா பேப்பர் கட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். “அடுத்த தடவை வந்தாலும் பேசாமலே உக்காரு, போ” என்றாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஒரு வருடத்தில் மூவரும் ஒன்றாக உட்கார்ந்தது நான்கு தடவைதான். ஒரு வியாழன் டிப்போவில் ஐந்து டிரைவர்கள் வராமல் டூட்டியக்கா மாட்டிக்கொள்ள, வீட்டுக்கு வந்த கண்ணாடியை டார்ச் பிடிக்க வைத்து வீட்டுக்காரர் மோட்டாரை மாட்டி முடித்தார். அதைக் கண்ணாடி மூன்று மாதம் சொல்லிக் காட்டினாள்.

போன வாரம் டூட்டியக்கா தலையில் சோப்பு நுரையோடு நிற்கையில் மணி விடாமல் அடித்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்து திறந்தால், டீச்சர்.

“இன்னைக்குப் புதன்டி!”

“தெரியும். நாளைக்கு என்னால வர முடியாது. அதைச் சொல்லிட்டுப் போகலாம்னுதான்.”

சொன்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.